அறுநூற்றுப் பன்னிரண்டாவது படம்

அறுநூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் மாப்பிள்ளைக்கு முடி இல்லை.

கிருபாகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தான். அறுநூற்றுப் பதினொன்றிலும் இல்லை. ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வரைக்கும் நெற்றியை மறைக்கிற அளவுக்குச் சுருள் சுருளாக இருந்தது.

"ரெஜினா, கொஞ்சம் இங்க வா."

சதுரங்கப்பட்டினம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு. படம் எடுப்பது கிருபாகரன். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தி ஆல்பமாக்குவது அவன் மனைவி ரெஜினா. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இது யாரு, சொல்லு."

"ஜான்சன். நேத்து நிச்சயம் ஆன மாப்ள."

"நல்லா பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "முடி எங்க?"

"மடியில கீது."

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை ஜான்சன் மேடை நாற்காலியில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். தலை வழவழவென்று இருந்தது. சுருள் முடி மொத்தமும் மடியில், ஒரு பூனைக்குட்டி படுத்திருப்பதுபோல இருந்தது. வலது கையில் கைக்குட்டை. தலையைத் துடைத்து முடித்தவன் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவரு பாத்து சிரிக்கறாரே, உன்ன."

"என்ன எங்க பாத்தாரு? அது கும்மிருட்டு. எங்க பாக்கறோம்னு தெரியாம பாத்துருக்காரு."

இதற்கெல்லாம் காரணம் புதிய கேமராதான். இரண்டு மாதம் முன்பு வாங்கியது. பழைய கேமராவில் மாலை ஆறு மணிக்கு மேல் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் முகத்தில் ரவையைத் தூவியதுபோல் இருக்கும். இது அப்படியில்லை. வந்த முதல் நாளே குளியலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் துணியால் மூடி, மூலையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி ரெஜினாவை எடுத்துப் பார்த்தான். கன்னத்துப் பூனைமுடி வரைக்கும் தெரிந்தது. ஒரு புள்ளி, ஒரு கறை இல்லை. கண் பார்க்காததைக் கேமரா பார்த்திருந்தது. ரெஜினா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "செவுத்துல இவ்ளோ பாசி புடிச்சிருக்கறது எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லி மறுநாள் பிரஷ்ஷோடு இறங்கினாள்.

அடுத்த வாரம் அரை நிலா வெளிச்சத்தில் டச்சுக் கோட்டையை எடுத்தான். புல் பச்சையாகவும் செங்கல் சிவப்பாகவும் வந்தது. மேலே நட்சத்திரம் மட்டும் இல்லாவிட்டால் பகலில் எடுத்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். அதிலிருந்து கிருபாகரன் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேமராவைப் பற்றியே பேசினான். ரேஷன் கடை வரிசையில் பேசினான். சர்ச் வாசலில் பேசினான். நிச்சயதார்த்த மண்டபத்தில், படத்துக்கு நின்ற ஒவ்வொருவரிடமும் பேசினான்.

நிச்சயதார்த்தம் திருவிடந்தையில், சாலையோர மண்டபம் ஒன்றில் நடந்தது. பெண் ஜெனிஃபர் சதுரங்கப்பட்டினத்துக்காரி. பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. மாப்பிள்ளை செங்கல்பட்டு. ஜெபம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வர ஜெனிஃபர் அறைக்குள் போயிருந்தாள். அப்போது ஏழு பத்து. மின்சாரம் போய்விட்டது. மண்டபத்து எலக்ட்ரீஷியன் மோகன் டார்ச்சோடு வெளியே ஓடினான். ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. புழுக்கம் தாங்காமல் ஜனங்கள் செல்போன் வெளிச்சத்தில் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். மேடையில் கேக்குக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிந்தது.

எல்லாருக்கும் பேஜாராக இருந்த அந்த ஏழு நிமிடம் கிருபாகரனுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. கேமராவின் ஒளி வாங்கும் திறனை முழுசாகத் திருகிவிட்டு, மேடை அலங்காரத்தையும் கேக்கையும் சேர்த்துப் பதினான்கு படம் எடுத்தான். மாப்பிள்ளை நாற்காலியில் வழுக்கைத் தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. யாரோ மாமா, கால்வலிக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தான். விளக்கு வந்ததும் புடவை மாற்றிய பெண்ணை எடுக்க ஓடினான். அவ்வளவுதான் நடந்தது.

"அழிச்சிடு" என்றாள் ரெஜினா.

"அழிக்கறதா? இத்த பாரு." கிருபாகரன் படத்தைப் பெரிதாக்கினான். "ஒரே ஒரு மெழுகுவத்தி. கண்ணு இமைய எண்ணலாம். தலையில பாரு, மெழுகுவத்தி சுடர் தனியா தெரியுது. பத்தொம்பது வருஷத்துல நான் எடுத்த படத்துலயே இதான் நல்ல படம்."

"நல்ல படந்தான். இது பொண்ணு வூட்டுக்குப் போனா கல்யாணம் நின்னுடும். பொண்ணு பாக்க வந்தப்பவே விக்கு வெச்சிகினுதான் வந்துருக்காரு. கேமராவால கல்யாணம் நின்னுச்சுன்னா அப்பறம் உன்ன எவன் கூப்புடுவான்?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அழிக்கக் கை வரவில்லை. பதினான்கு படங்களையும் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியை இரண்டு வீட்டுக்கும் அனுப்பினான்.

ஒரு மணி நேரத்தில் ஜான்சன் கூப்பிட்டான்.

"அண்ணா, படமெல்லாம் நல்லா இருக்குது. கரண்ட் போனப்ப எடுத்தீங்களே, அது மட்டும் காணோம்."

பாவம், பயந்துபோயிருக்கிறான் என்று கிருபாகரனுக்குப் புரிந்தது. குரலை மென்மையாக்கிக்கொண்டான்.

"நீங்க கவலப்படாதீங்க தம்பி. அதுல ஒண்ணும் வரல."

"வரலயா?"

"ஒரே கறுப்பு."

"இருட்டுல சூப்பரா புடிக்கும்னு சொன்னீங்களே."

தன் வாயால் அந்தக் கேமராவைக் குறை சொல்ல வேண்டிவரும் என்று கிருபாகரன் நினைத்ததில்லை. "புடிக்கும். நேத்து ஏனோ புடிக்கல" என்றான்.

ஜான்சன் நீளமாக மூச்சு விட்டது போனில் கேட்டது. நிம்மதி அடைந்துவிட்டான் என்று கிருபாகரனும் நிம்மதி அடைந்தான்.

மறுநாள் காலையில் பெண்ணின் அப்பா ஏசுபாதம் வந்து நின்றார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"இன்னா கிருபா, உன் கேமரா இருட்டுல புடிக்காதாமே."

"யாரு சொன்னா?"

"மாப்ளதான். நைட்டே போன் பண்ணி, 'இருட்டுல எடுத்தது வரலயாம் மாமா, நீங்க ஒரு வார்த்த கேளுங்க'ன்னாரு. கல்யாணம் சாயங்காலம், பழைய சர்ச்சு. உள்ள வெளிச்சமே கெடயாது. பாஸ்டரு ஃப்ளாஷ் அடிக்கக் கூடாதுன்றாரு. இருட்டுல புடிக்கும்னு நீ சொன்னதாலதான் உன்ன போட்டேன். இப்ப நான் வேற ஆளப் பாக்கறதா இன்னா?"

கேமராவைப் பற்றி அப்படிப் பேசியதைக் கிருபாகரனால் பொறுக்க முடியவில்லை. கடை ஷட்டரை இறக்கினான். விளக்கை அணைத்தான். செல்போன் திரையை மட்டும் மேஜைமேல் மல்லாக்க வைத்துவிட்டு, "அசையாதீங்க அண்ணாத்த" என்று சொல்லி ஒரு படம் எடுத்தான். பிறகு அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினான்.

ஏசுபாதம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மீசையில் காலையில் குடித்த டீயின் நுரை ஓரமாக ஒட்டியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"யப்பா. என் கண்ணுக்கே ஒண்ணும் தெரியலியே. இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதான் அண்ணாத்த கேமரா."

"அப்ப அன்னிக்கு எடுத்தது மட்டும் எப்படி வராம போச்சு?"

கிருபாகரன் ஷட்டரைத் தூக்கிவிடப் போனான். உள்ளேயிருந்து ரெஜினா வெளியே வந்தாள்.

"வந்துருக்குதுண்ணே. கலரு கொஞ்சம் சரி பண்ணணும். சாயங்காலத்துக்குள்ள அனுப்பறோம்."

அவர் போனதும் கிருபாகரன் அவளைப் பார்த்தான். "இன்னாத்த அனுப்புவ?"

"முடி வெச்சு அனுப்புவேன்."

அன்று முழுக்க ரெஜினா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் படத்திலிருந்து முடியை வெட்டி எடுத்து, பதினான்கு தலைக்கும் பொருத்தினாள். தலை சாய்ந்த இடத்தில் முடியையும் சாய்த்தாள். மடியில் இருந்ததை அழித்து, கோட்டுத் துணியை நிரப்பினாள். நடுவில் பால் பொங்கியது, கூரியர்காரன் வந்தான், பாஸ்போர்ட் போட்டோவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். மாலையில் கிருபாகரன் பதினான்கையும் ஏசுபாதத்துக்கு அனுப்பினான்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"நல்லா கீது கிருபா. ஒண்ணுல மட்டும் மாப்ள மடியில இன்னாவோ கறுப்பா கீதே. எலியா?"

கிருபாகரன் திரையைப் பார்த்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு. தலையிலும் முடி இருந்தது, மடியிலும் முடி இருந்தது.

"கர்ச்சீப் அண்ணாத்த."

"கறுப்பு கர்ச்சீப்பா? நல்ல காரியத்துல கறுப்பு எதுக்கு?"

"வேர்த்துச்சு. யாராவது குடுத்துருப்பாங்க."

அது அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. ஏசுபாதம் அந்தப் படத்தை மாப்பிள்ளையின் அம்மா செங்கம்மாளுக்கு அனுப்பி, நிச்சயத்துக்குக் கறுப்புத் துணி கொண்டு வரலாமா என்று கேட்டுவிட்டார். செங்கம்மாளுக்கு மடியில் இருப்பது என்னவென்று பார்த்தவுடன் தெரிந்தது. அப்படியானால் தலையில் இருப்பது என்னவென்றுதான் தெரியவில்லை. இரண்டையும் வெளியே சொல்ல முடியாத நிலையில், "எங்க வூட்ல யாருகிட்டயும் கறுப்பு கர்ச்சீப்பே கெடயாது" என்று மட்டும் அடித்துச் சொன்னாள்.

"அப்ப போட்டோ பொய் சொல்லுதா?" என்றார் ஏசுபாதம்.

"போட்டோக்காரன் சொல்லுவான்."

"அப்ப எங்க ஆளு பொய்யன்றீங்களா?"

பேச்சு தடித்துப் போனது. இரண்டு நாள் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பது நின்றுபோயிற்று. மூன்றாம் நாள் ஜான்சன் மறுபடி கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது.

"அண்ணா, அந்தப் படத்துல எனக்கு முடி..."

"நாங்கதான் வெச்சோம் தம்பி" என்றான் கிருபாகரன், குரலைத் தாழ்த்தி. "எனக்கும் என் சம்சாரத்துக்கும் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. செத்தாலும் சொல்ல மாட்டோம்."

"நீங்களாவே வெச்சீங்களா?"

"ஆமா. இதுக்கெல்லாம் தேங்க்ஸ் சொல்ல வேணாம்."

"சரிங்ண்ணா" என்று சொல்லிவிட்டு ஜான்சன் வைத்துவிட்டான். குரல் உடைந்திருந்தது. நன்றி சொல்லக்கூட வாய் வராத பிள்ளை என்று கிருபாகரன் ரெஜினாவிடம் சொன்னான். ஆனால் அன்று மத்தியானம் அவனால் சாப்பிட முடியவில்லை. ஒரு கர்ச்சீப்புக்காகக் கல்யாணம் நின்றால் அதற்கும் தான்தானே காரணம் என்று திரும்பத் திரும்பத் தோன்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் ஜெனிஃபர் வந்தாள். அரை நாள் லீவு போட்டு, பொத்தேரியிலிருந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது. செல்போனில் அந்தப் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒரிஜினல காட்டுங்கண்ணா."

"இதாம்மா ஒரிஜினல்."

"மெழுகுவத்தி இந்தப் பக்கம் எரியுது. மூக்கு நெழலு அந்தப் பக்கம் விழுது. முடி மட்டும் அந்தப் பக்கத்துலேருந்து மின்னுது. தெனமும் பசங்க ஐ.டி. கார்டு போட்டோதான் பாத்துகினு இருக்கேன். வேற படத்துலேருந்து தலைய வெட்டி ஒட்டிகினு வர்றத கண்டுபுடிக்கறதுதாண்ணா என் வேலயே."

கிருபாகரன் ரெஜினாவைப் பார்த்தான். ரெஜினா சுவரைப் பார்த்தாள்.

"பாப்பா, அது வந்து..."

"அந்த மடியில இருக்கறது கர்ச்சீப் இல்ல. அது இன்னான்னு எனக்கு சொல்லாம கல்யாணம் பண்ணி வெக்கப் போறீங்களா?"

அதற்குமேல் மறைப்பது பாவம் என்று அவனுக்குப் பட்டது. ஒதுக்கி வைத்திருந்ததைத் திறந்து, அறுநூற்றுப் பன்னிரண்டைத் திரை முழுவதும் போட்டான்.

ஜெனிஃபர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தாள். வாசலில் கல்பாக்கம் பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. ரெஜினா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதையும் அவள் எடுக்கவில்லை. கிருபாகரன் மனதுக்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தான்.

"மத்த படத்த போடுங்க. முடியோட இருக்கறது."

போட்டான். மோதிரம் மாற்றுகிற படம், கேக் வெட்டுகிற படம், குடும்பத்தோடு நிற்கிற படம். எல்லாவற்றிலும் ஜான்சன் தலைமேல் தண்ணீர்க் குடம் வைத்தவன்போலக் கழுத்தை விறைத்து நின்றான். சிரிப்பு பல்லோடு நின்றுபோயிருந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்டித்தான் இருந்தாரு. போன்ல பேசனா நல்லா பேசறாரு, நேர்ல மட்டும் ஏன் இப்டி ஸ்கேல முழுங்கனமாரி நிக்கறாரு, என்னத்த புடிக்கலியோன்னு நாலு மாசமா நெனச்சிகினு இருக்கேன்" என்றாள். பிறகு அறுநூற்றுப் பன்னிரண்டைத் திரும்பப் போடச் சொன்னாள். "இவரு இப்டி சிரிப்பாருன்னு எனக்குத் தெரியாது."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. ரெஜினாதான் முதலில் கவனித்தாள்.

"இத்த பெருசா பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணிக் குடுங்கண்ணா" என்றாள் ஜெனிஃபர். "முடி வெக்காம."

அங்கேயே உட்கார்ந்து அந்தப் படத்தை ஜான்சனுக்கு அனுப்பினாள். கீழே, 'கல்யாணத்துக்கு இப்படியே வாங்க' என்று மட்டும் எழுதினாள். பிறகு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. செங்கம்மாள் மகனிடம் இரண்டு நாள் பேசவில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்டாள். யாரும் இல்லை, கேமராதான் என்றார்கள். கேமராவோடு என்ன சண்டை போடுவது என்று விட்டுவிட்டாள். ஏசுபாதம் உண்மை தெரிந்ததும் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "அப்ப கறுப்பு கர்ச்சீப் இல்லல்ல?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். பத்திரிகை அச்சுக்குப் போயிற்று.

கல்யாணத்தன்று பழைய சர்ச்சுக்குள் பீடத்தில் ஆறு மெழுகுவர்த்தி, வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியாக வந்த மிச்ச வெயில், அவ்வளவுதான் வெளிச்சம். கிருபாகரன் ஃப்ளாஷ் இல்லாமல் நானூறு படம் எடுத்தான். ஜெனிஃபரின் முக்காட்டுச் சரிகை ஒவ்வொரு இழையாகப் படத்தில் விழுந்தது. ஜான்சன் வழுக்கைத் தலையோடு, கழுத்தை நன்றாகத் திருப்பி, பெண்ணைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றான். ஒரு படத்திலும் ரவை இல்லை. உறவுக்காரர் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். அப்புறம் அவர்களும் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

விருந்து அதே திருவிடந்தை மண்டபத்தில் நடந்தது. மேடைக்கு எதிரே லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த கிருபாகரனுக்கு மனசு நிறைந்திருந்தது. இரண்டு வீடு உடையாமல் காப்பாற்றியது தான்தான் என்று அவன் நம்பினான். மறைக்க வேண்டிய நேரத்தில் மறைத்தான், காட்ட வேண்டிய நேரத்தில் காட்டினான். ரெஜினாவிடமும் அப்படித்தான் சொன்னான். அவளும் மறுக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் மோகன் ஒயர்ச் சுருளோடு அந்தப் பக்கம் போனான். கிருபாகரன் அவனை நிறுத்தினான்.

"ஜெனரேட்டர ஒரு தரம் பாத்துக்கப்பா. அன்னிக்கு மாதிரி கரண்ட் போயி, நான் ஏதாவது எடுத்து, மறுபடி ஒரு குடும்பத்துல கலகம் வர வேணாம்."

மோகன் ஒயரைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அன்னிக்கு கரண்ட் எங்கண்ணா போச்சு? மாப்ளதான் என் கையப் புடிச்சிகினு, 'முடி விஷயத்த பொண்ணாண்ட வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்னு அம்மாவாண்ட சத்தியம் பண்ணிட்டேன், அந்தண்ணன் கேமரா இருட்டுலயும் புடிக்குமாம், அது சொல்லிட்டா என் சத்தியமும் தப்பாது, பொண்ணு பொடவ மாத்திகினு வர்றதுக்குள்ள ஒரு ஏழு நிமிஷம் மெயின ஆஃப் பண்ணு'ன்னு கெஞ்சினாரு."